புரட்டாசியில் வந்த மீன் வாடை: பழைய வீட்டு ப்யூஸ் போர்டைப் புரிந்துகொள்வோம்

போன புரட்டாசியில் ஒருநாள் அத்தை போன் செய்தார். "ஏம்ப்பா, ரேழியில மீன் வாடை அடிக்குது. எங்கேருந்து வருதுன்னே தெரியல." புரட்டாசி பிறந்துவிட்டால் கருவாட்டுப் பானையைக்கூடப் பரணில் ஏற்றிவிடும் வீடு அது. பூனை எதையோ கொண்டுவந்து போட்டிருக்கிறது என்று நினைத்து, நெல் குதிருக்குப் பின்னால் எல்லாம் இரண்டு நாள் தேடியிருக்கிறார்கள். மூன்றாம் நாள்தான் அத்தைக்கு ஒன்று பிடிபட்டது. வாடை சாயங்காலம் சமையல் நேரத்தில் மட்டும் வருகிறது, ஒன்பது மணிக்கு மேல் இல்லை. எனக்குச் சுருக்கென்றது. இண்டக்‌ஷன் அடுப்பை அணைத்து, மெயினையும் இறக்கிவிட்டுப் படுக்கச் சொன்னேன்.

சுவிட்ச், பிளக் பாயின்ட், ஹோல்டர் இவற்றில் இருக்கும் பேக்லைட் வகைப் பிளாஸ்டிக் அளவுக்கு மீறிச் சூடானால் மீன் வாடை போலவே ஒன்று வரும். எலி செத்துக் கிடக்கிறது என்றோ, சாக்கடை வாடை என்றோ நினைத்துப் பலர் விட்டுவிடுவார்கள். நடந்துகொண்டிருப்பது என்னவென்றால், போர்டுக்குள் ஏதோ ஒன்று மெல்ல வெந்துகொண்டிருக்கிறது.

வீடு வலங்கைமான் பக்கம். தாத்தா 1968-ல் கரண்ட் இழுத்த வீடு. ரேழிச் சுவரில் ஒரு தேக்குப் பலகை. அதில் மீட்டர், கீழே இரும்புப் பெட்டிக்குள் மெயின் சுவிட்ச், பக்கத்தில் வரிசையாக நாலு வெள்ளைப் பீங்கான் ப்யூஸ் கட்டை. மறுநாள் காலையில் ஒயர்மேன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சமையலறை லைனின் கட்டையைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். "பாருங்க தம்பி." தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி இருக்க வேண்டிய இடத்தில், பழைய ஒயரிலிருந்து உரித்தெடுத்த செம்புக் கம்பி ஒன்று, தடியாக, இரண்டு திருகுக்கும் நடுவே பாலம் போட்ட மாதிரி நின்றது. பீங்கானின் ஒரு ஓரம் காப்பிக் கறை நிறம். கட்டைக்குப் பக்கத்தில் இருந்த பிளக் பாயின்ட்டின் மூடி பழுப்பேறி, லேசாக வளைந்திருந்தது. பலகையைச் சுவரிலிருந்து கழற்றினால், பின்பக்கம் கரையான் மண், ஒரு குளவிக் கூடு. ஒயரின் ரப்பர் உறை விரல் பட்டதும் விபூதி மாதிரி உதிர்ந்தது.

கம்பியைப் போட்டது யார் என்று கேட்டேன். "மாமாதான். வாரத்துக்கு ரெண்டு தடவை பீஸ் போவுதுன்னு கொஞ்சம் கனமா போட்டாரு. அப்புறம் போகவே இல்ல" என்றார் அத்தை.

அந்தப் 'போகவே இல்ல' இருக்கிறதே, அதுதான் பழைய போர்டின் வியாதி.

வீட்டில் இருக்கிற எல்லாச் சாமானும் கெடாமல் உழைக்க வேண்டும் என்றுதான் வாங்குகிறோம். ப்யூஸ் மட்டும் நேர்மாறு. அது கெடுவதற்கென்றே வைத்தது. ஆற்றில் வெள்ளம் கரை ததும்பும்போது, ஊர்ப் பக்கம் உடைப்பு எடுத்துவிடக் கூடாதே என்று ஆளில்லாத பக்கமாகப் பார்த்துக் கரையை வெட்டிவிடுவார்கள் இல்லையா? ப்யூஸ் கம்பி அப்படி நாமே தேர்ந்தெடுத்து வைத்த உடைப்பு. அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் சுவருக்குள் இருக்கும் ஒயர் சூடாவதற்கு முன்னால் அது உருகி வழியை அடைக்க வேண்டும். ப்யூஸ் அடிக்கடி போகிறது என்றால் அது தன் வேலையைச் செய்கிறது, நாம்தான் அதிகம் இழுக்கிறோம்.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 5 ஆம்பியர் ப்யூஸ் கம்பியின் கனம் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர். மாமா போட்டது 18 கேஜ் செம்பு, அதாவது 1.2 மில்லிமீட்டர். அது உருக வேண்டுமென்றால் ஏறக்குறைய 100 ஆம்பியர் ஓட வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலத்தில் வீட்டுக்குள் இழுத்த ஒயரும் அதே கனம்தான். பழைய ஒயர்மேன்கள் '1/18' என்பார்கள், 18 கேஜில் ஒற்றைக் கம்பி என்று அர்த்தம். ஆக, ப்யூஸும் சுவரில் ஓடும் ஒயரும் ஒரே தடிமன். தகராறு வந்தால் இரண்டில் எது முதலில் எரியும் என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

சரி, 1968-ல் ஏன் இந்தப் பிரச்னை இல்லை? அப்போது அந்த வீட்டில் இருந்தது நாலு குண்டு பல்பு, கூடத்தில் ஒரு ஃபேன், ஒரு ரேடியோ. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டாலும் இரண்டு ஆம்பியர் தாண்டாது. அப்புறம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. 2006-க்குப் பிறகு அரசாங்கம் கொடுத்த டி.வி., 2011-க்குப் பிறகு மிக்ஸி, கிரைண்டர், ஃபேன். நடுவில் நாமே வாங்கிய ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார், அயர்ன் பாக்ஸ். இப்போது இண்டக்‌ஷன் அடுப்பு, கீசர், பேரன் வந்தால் ஏ.சி. இல்லாமல் தூங்க மாட்டான் என்பதால் ஒரு ஏ.சி. சாமான் எல்லாம் மாறிவிட்டது, சுவரில் ஓடும் ஒயர் மட்டும் தாத்தா காலத்தது.

வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 8.7 ஆம்பியர். அதோடு 750 வாட் மிக்ஸி ஓடினால் இன்னொரு 3.3. ஃபிரிட்ஜையும் சேர்த்தால் 13 ஆம்பியர் சுமார். அத்தை வீட்டில் இவ்வளவும் ஒரே 1/18 ஒயரில் போய்க்கொண்டிருந்தது. அதன் குறுக்குவெட்டு 1.2 சதுர மில்லிமீட்டர்கூட முழுசாக வராது. இன்றைக்கு ஒரு 16 ஆம்பியர் பிளக் பாயின்ட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுப்பார்கள், ஏ.சி., கீசர் என்றால் 4. இன்னொன்று, கரண்ட் இரண்டு மடங்கானால் ஒயரில் சூடு இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்காகும். கொஞ்சம்தானே கூடுதல் என்று நாம் நினைப்பதை ஒயர் அப்படி எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் அன்றைக்கு மீன் வாடைக்கு நேர்க் காரணம் ஒயர்கூட இல்லை, ஒரு திருகு. ஐம்பது வருஷமாகச் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, பிளக் பாயின்ட்டின் பின்னால் ஒயரைப் பிடிக்கும் திருகு தளர்ந்துவிட்டது. தளர்ந்த இடத்தில் களிம்பு பிடிக்கும், களிம்பு பிடித்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு, சூட்டில் இன்னும் தளரும். அந்த முனையில் வெறும் 0.15 ஓம் தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 13 ஆம்பியர் ஓடினால் அங்கே 25 வாட் சூடு பிறக்கும். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் அதே 25 வாட்தான். தினமும் இரண்டு மணி நேரம் ஒரு சால்டரிங் அயர்னைத் தேக்குப் பலகையில் சாய்த்து வைத்த கதை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தச் சூட்டை எந்த ப்யூஸும் கண்டுபிடிக்காது, ப்யூஸுக்குப் பதிலாக இப்போது மாட்டும், கரண்ட் மீறினால் தானே விழும் எம்.சி.பி. சுவிட்சும் கண்டுபிடிக்காது. ஓடுவது 13 ஆம்பியர்தானே, அதிலே அதற்குக் குற்றம் ஒன்றும் தெரியாது. மூக்கும் கையும்தான் கண்டுபிடிக்க வேண்டும். சாமான் ஓடும்போது பிளக்கின் மேல்புறம் கை வைக்க முடியாமல் சுட்டால், சுவிட்ச் போடும்போது சரசரவென்று சத்தம் வந்தால், போர்டைச் சுற்றிச் சுவரில் பழுப்பு படர்ந்தால், அந்த பாயின்ட்டை அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும்.

அத்தை வீட்டு நாலு கட்டையில் இரண்டு நியூட்ரலில் போட்டிருந்தது. கரண்ட் வரும் கம்பியான பேஸுக்கு ஒரு ப்யூஸ், அது திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரலுக்கு ஒரு ப்யூஸ் என்று இரட்டையாகப் போடுவது அந்தக் காலத்து வழக்கம். நியூட்ரலில் தனியாக ப்யூஸ் கூடாது என்று 1956-ஆம் வருட இந்திய மின்சார விதிகளிலேயே இருக்கிறது, ஆனாலும் பழைய போர்டுகளில் இன்றைக்கும் பார்க்கலாம். நியூட்ரல் ப்யூஸ் மட்டும் போய்விட்டால் லைட் எரியாது, ஃபேன் சுற்றாது. கரண்டே இல்லை என்று நினைத்து நாற்காலி போட்டு ஏறி ஹோல்டரைத் தொடுவோம். பேஸ் அங்கே முழு உயிரோடு காத்திருக்கும்.

த்ரீ பேஸ் வீடுகளில் இன்னொரு பழக்கம் உண்டு. ஒரு பேஸில் கரண்ட் போனால், கட்டையைப் பிடுங்கி அடுத்த பேஸில் சொருகுவது. டெல்டாவில் இதைச் செய்யாத வீட்டுக்காரர் குறைவு, நானும் பள்ளிக்கூட வயதில் செய்திருக்கிறேன். மொத்த வீட்டுச் சுமையும் ஒரே பேஸில் ஏறிக்கொள்ளும், கட்டையின் வாய் தளர்ந்துபோகும், மழைக்காலத்தில் ஈரக்கையோடு பிடுங்கும்போது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி எர்த்துக்கு வருவோம். எனக்கு இதுதான் முக்கியமான பகுதி, பலரும் தாண்டிப் போவதும் இதைத்தான்.

ஃபிரிட்ஜுக்குள் ஒரு ஒயர் உரிந்து தகரத்தில் பட்டுவிட்டது என்று வைப்போம். எர்த் இருந்தால் கரண்ட் அந்தப் பச்சை ஒயர் வழியாக மண்ணுக்கு ஓடும், நிறைய ஓடுவதால் ப்யூஸ் போகும், தகரம் செத்துவிடும். பாடப்புத்தகக் கணக்கு அப்படி. நம் ஊர் நிலவரம் வேறு. கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, பைப் இறக்கி தாத்தா போட்ட எர்த், பைப் துருப்பிடித்து, கம்பி அறுந்து, எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போயிருக்கும். இருந்தாலும் மண் காய்ந்தால் அது பாதி வேலைகூடச் செய்யாது. சித்திரை, வைகாசியில் நம் களிமண் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்து, அது வாய்க்காலுக்கு வந்து, மண் நனைந்தால்தான் எர்த்துக்கும் உயிர் வரும். காய்ந்த காலத்தில் எர்த்தின் தடை 20 ஓம் என்றால் 230-ஐ 20-ஆல் வகுங்கள்: 11.5 ஆம்பியர்தான் ஓடும். 15 ஆம்பியர் ப்யூஸ் அசையாது. ஃபிரிட்ஜின் உடம்பில் ஆபத்தான வோல்டேஜ் நின்றுகொண்டே இருக்கும், யாராவது வந்து கதவைத் திறக்கும்வரை.

அப்படித் தொடுகிறவரின் உடம்பு வழியாக ஓடுவது இன்னும் குறைவு. ஈர உடம்பின் தடை 1000 ஓம் என்று கொண்டால் 230 மில்லி ஆம்பியர். ஆளைக் கொல்ல அது தாராளம். 5 ஆம்பியர் ப்யூஸுக்கோ அது 5000 மில்லி ஆம்பியரில் ஒரு துளி, திரும்பிக்கூடப் பார்க்காது. ப்யூஸும் எம்.சி.பி.யும் ஒயரைக் காப்பாற்ற வந்தவை, மனுஷரைக் காப்பாற்ற அல்ல என்று சொல்வது இதனால்தான்.

மனுஷருக்காக இருப்பது ஆர்.சி.சி.பி. அது செய்வது ஒரு கணக்குப்பிள்ளை வேலை. களத்திலிருந்து கொள்முதல் நிலையத்துக்குப் போன மூட்டை எத்தனை, அங்கே இறங்கிய மூட்டை எத்தனை என்று பார்ப்பது போல, பேஸில் போன கரண்ட் முழுசாக நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், வழியில் எங்கோ ஒழுகுகிறது, ஒருவேளை ஒரு ஆள் வழியாக ஒழுகுகிறது என்று முடிவுகட்டி, 0.3 வினாடிக்குள் கரண்டைத் துண்டித்துவிடும். எர்த் சரியில்லாத வீட்டிலும் இது வேலை செய்யும். ஷாக் அடிக்கும், ஆனால் பிடித்து வைத்துக்கொள்ளாது. தமிழ்நாட்டில் புது இணைப்பு வாங்குகிறவர்கள் இந்த வகைக் கருவி வைத்தே ஆக வேண்டும். பழைய வீட்டுக்காரர்களை யாரும் வந்து கேட்பதில்லை, ஆகவே நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நல்ல மிக்ஸி விலைக்குள் கிடைத்துவிடும். வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையையும், 30 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கிறதா என்பதையும் பார்த்து வாங்குங்கள். ஒரு கை பேஸிலும் ஒரு கை நியூட்ரலிலும் வைத்தால் மட்டும் அதற்குக் கண்டுபிடிக்க வழியில்லை.

பழைய ஒயரிங்கில் இதைப் போட்டால் ஒரு புகார் கட்டாயம் வரும்: "மழை பெஞ்சா டிரிப் ஆகுது." உடனே சிலர் அதைக் கழற்றி நேராக இணைத்துவிடுவார்கள். மழை பெய்தால் விழுகிறது என்றால் ஈரச் சுவரில் ஒயரின் உறை கரண்டை ஒழுகவிடுகிறது. அது சொல்வது உண்மை, நமக்குத்தான் கேட்கப் பிடிக்கவில்லை. இன்னொரு காரணம், எர்த் இல்லாத வீடுகளில் பிளக் பாயின்ட்டின் பெரிய துளையை நியூட்ரலோடு சேர்த்துக் கட்டிவிடும் குறுக்கு வழி. சாமானின் உடம்பு ஈரத் தரையைத் தொட்டால் அது ஆர்.சி.சி.பி.யை விழ வைக்கலாம். அதைவிட மோசம், என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்பெல்லாம் பேஸ் ஆகிவிடும். உங்கள் வீட்டில் அப்படி இருக்கிறதா என்று ஒயர்மேனிடம் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தயங்கினால் இருக்கிறது.

எம்.சி.பி. பற்றி, ஊரில் டிரிப்பர் என்பார்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. பீங்கான் கட்டையை எடுத்துவிட்டு டிரிப்பர் பெட்டி மாட்டினால் வீடு புதுசாகிவிட்டது என்று நினைப்பதுதான் இப்போது நான் அதிகம் பார்க்கும் தப்பு. பின்னால் ஓடுவது அதே 1/18 ஒயர். அதற்கு 32 ஆம்பியர் டிரிப்பர் போட்டால் மாமா போட்ட தடிக் கம்பிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? 16 ஆம்பியர் எம்.சி.பி.கூட 16-ஐத் தாண்டிய நொடியில் விழாது. 23 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரம் வரை பொறுக்கலாம் என்பது அதன் இலக்கணம். ஒயர் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத்தான் டிரிப்பர் போட வேண்டும், அடுப்பு எவ்வளவு கேட்கிறது என்று பார்த்து அல்ல. லைட், ஃபேன் லைனுக்கு 6 ஆம்பியர் போதும். அடிக்கடி விழுந்தால் ஒயரை மாற்ற வேண்டும், டிரிப்பரை அல்ல.

எங்கள் பக்கத்துக்கென்று சில எதிரிகள் உண்டு. மரப்பலகைக்குக் கரையான். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்று, அது திருகையும் தகரத்தையும் தின்றுவிடும். ஓட்டு வீட்டில் ஐப்பசி மழை ஓடு வழியே இறங்கிச் சுவரோடு போர்டுக்கு வரும். 2018 நவம்பர் 16-ல் கஜா வந்தபோது லட்சத்துக்கு மேற்பட்ட கம்பங்கள் சாய்ந்தன. அப்படிப்பட்ட புயலுக்குப் பின் கரண்ட் திரும்பும் நேரமும் ஒரு கண்டம்தான். நியூட்ரல் சரியாகச் சேராமல் வந்தால் சில லைட் கண் கூசுகிற மாதிரி எரியும், சில மங்கும். மெயினை இறக்கியே வைத்திருந்து, ஒரு பல்பை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதைப் போடலாம். வெள்ளத் தண்ணீர் போர்டு வரை ஏறியிருந்தால் தொடவே வேண்டாம், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள். தண்ணீரில் மூழ்கிய எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் காயவைத்தாலும் உதவாது, மாற்றத்தான் வேண்டும்.

நாமே செய்யக் கூடியது பார்ப்பது, முகர்வது, மெயினை இறக்குவது, அவ்வளவுதான். மெயினை இறக்கிவிட்டாலும் இன்வெர்ட்டர் லைன் உயிரோடுதான் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. மீட்டரும் அதன் சீலும் வாரியத்துச் சொத்து, அதைத் தொடும் உரிமை உங்கள் ஒயர்மேனுக்கும் கிடையாது. வீட்டு ஒயரிங்கை உரிமம் உள்ள ஒயர்மேனிடம் கொடுத்து, மெக்கர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 500 வோல்ட் கொடுத்து உறை எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கும் கருவி அது. 1 மெக ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த லைன் ஓய்வு கேட்கிறது.

மொத்த வீட்டையும் ஒரே மூச்சில் மாற்ற எல்லோரிடமும் பணம் இருக்காது, அத்தையிடமும் இல்லை. குறுவை நெல் போட்ட பணத்தில் முதலில் எர்த் குழி புதுசாகத் தோண்டினோம், ஆர்.சி.சி.பி. மாட்டினோம், நியூட்ரல் கட்டைகளை எடுத்தோம். அடுப்புக்கும் கீசருக்கும் போர்டிலிருந்து தனித்தனியாக 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுத்தோம். பலகை போய் இரும்புப் பெட்டி வந்தது, ஈரச் சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு. கூடத்தில் மரச் சட்டத்தின் மேல் ஓடும் பழைய ரீப்பர் ஒயரிங் மட்டும் அப்படியே இருக்கிறது. 6 ஆம்பியர் டிரிப்பரில் லைட்டும் ஃபேனும் மட்டும் ஓடுகின்றன, சம்பா அறுவடைக்குப் பிறகு அதையும் எடுப்பதாகப் பேச்சு.

ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று போட்ட ஒரு சின்ன பட்டன் இருக்கும். மாசத்துக்கு ஒருமுறை அதை அமுக்கினால் கரண்ட் பட்டென்று போக வேண்டும், போகாவிட்டால் கருவி செத்துவிட்டது. தேதி வைத்துச் சொன்னால் மறந்துபோகும் என்று அத்தையே அமாவாசை என்று வைத்துக்கொண்டார். காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு வந்து ரேழியில் பட்டனை அமுக்குகிறார். மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி பாதியில் நிற்கிறது என்று மாமா சமையலறையிலிருந்து சத்தம் போடுகிறார்.